புது கேமிங் கம்ப்யூட்டர் முரண்டு பிடிக்கிறதா? எந்த இரண்டு பாகங்கள் ஒத்துப்போகவில்லை என்று பாருங்கள்

அக்கா மகன் சேர்த்து வைத்த பணத்தில் ரிச்சி ஸ்ட்ரீட்டில் பாகங்களை வாங்கி வந்து, கூடத்தில் பாய் விரித்து உட்கார்ந்து தன் முதல் கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்தான். ரைசன் 5 7600 பிராசசர், பி650 மதர்போர்டு, 32 ஜிபி டிடிஆர்5 ரேம், ஆர்டிஎக்ஸ் 4070 கிராபிக்ஸ் கார்டு, 650 வாட் எஸ்எம்பிஎஸ் (எல்லாப் பாகங்களுக்கும் மின்சாரம் தரும் பெட்டி). பட்டனை அழுத்தினான். ஃபேன் சுழன்றது, விளக்கெல்லாம் எரிந்தது, திரை மட்டும் கருப்பு. அரை நிமிடம் பார்த்துவிட்டு அணைத்தான். மறுபடி போட்டான், மறுபடி கருப்பு. பத்துத் தடவைக்கு மேல் இப்படியே செய்துவிட்டு எனக்குப் போன் செய்தான்: "மாமா, போர்டு போயிடுச்சு, மாத்தணும்."

போர்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஏஎம்5 (ஏஎம்டியின் புது ரைசன் பிராசசர்கள் உட்காரும் சாக்கெட்; பி650யும் இந்த வகைதான்) போர்டில் டிடிஆர்5 ரேமைப் போட்டு முதல் தடவை ஆன் செய்யும்போது, அந்த ரேமோடு எந்த வேகத்தில், எந்த நேர அளவில் பேசுவது என்று போர்டு சோதித்துப் பார்த்துப் பழகிக்கொள்ளும். அதற்குச் சில நிமிடங்கள் ஆகும். அதுவரை திரையில் எதுவும் வராது. அவன் ஒவ்வொரு முறை அணைத்தபோதும் அந்தப் பழக்கம் முதலிலிருந்து தொடங்கியது. "ஆன் பண்ணிட்டுப் பத்து நிமிஷம் தொடாதே" என்றேன். நான்காவது நிமிடத்தில் படம் வந்துவிட்டது.

இதை முதலில் சொல்லக் காரணம் இருக்கிறது. புதிதாகச் சேர்த்த கம்ப்யூட்டரில் வரும் கோளாறுகளில் பாகமே கெட்டுப்போனது என்பது குறைவு. பெரும்பாலும் இரண்டு பாகங்களுக்கு நடுவில்தான் சிக்கல் இருக்கும். ஆகவே "எது போச்சு?" என்று தேடுவதை விட, "எதுவும் எதுவும் ஒத்துப்போகவில்லை?" என்று தேடினால் சீக்கிரம் கண்டுபிடிக்கலாம். கீழே அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். இன்னும் பாகம் வாங்காதவர்களும் படிக்கலாம். இந்தச் சிக்கல்களில் பாதி, வாங்கும் இடத்திலேயே தவிர்க்கக் கூடியவை.

ஃபேன் சுழல்கிறது, திரையில் ஒன்றும் வரவில்லை

முதலில் மானிட்டர் கேபிள் எங்கே செருகியிருக்கிறது என்று பாருங்கள். மதர்போர்டின் பின்பக்கத்திலும் எச்டிஎம்ஐ இருக்கும், கிராபிக்ஸ் கார்டிலும் இருக்கும். கேபிள் கார்டில்தான் இருக்க வேண்டும். ஐ5 12400எஃப் போல பெயர் 'எஃப்' என்று முடியும் இன்டெல் பிராசசர்களிலும், ரைசன் 5 5600, 7500எஃப் போன்றவற்றிலும் உள்ளே கிராபிக்ஸ் கிடையாது. அவற்றோடு மதர்போர்டு எச்டிஎம்ஐயில் கேபிள் செருகினால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் படம் வராது. இதே காரணத்தால், "கார்டு அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்" என்று திட்டமிடுபவர்கள் எஃப் பிராசசர் வாங்கக் கூடாது. அந்த ஒரு மாதமும் கம்ப்யூட்டர் வெறும் பெட்டியாகத்தான் இருக்கும்.

அது சரியாக இருந்தால், மதர்போர்டின் ஓரத்தில் நான்கு சின்ன விளக்குகள் இருக்கின்றனவா பாருங்கள். சிபியு, டிரேம், விஜிஏ, பூட் என்று அருகில் அச்சிட்டிருக்கும். விலை குறைந்த சில போர்டுகளில் இருக்காது. எந்த விளக்கில் வந்து நின்றுவிடுகிறதோ, சிக்கல் அந்தப் பக்கம். போர்டு தேர்வு செய்யும்போது இந்த நான்கு விளக்குகள் இருக்கிறதா என்று பார்த்தே வாங்குங்கள். நிறம் மாறும் அலங்கார விளக்கை விட இது ஆயிரம் மடங்கு உதவும்.

டிரேம் விளக்கு எரிந்தால், மேலே சொன்னபடி முதலில் பொறுமையாகக் காத்திருங்கள். அப்புறம் ரேம் எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பாருங்கள். நான்கு ஸ்லாட் உள்ள போர்டில் இரண்டு ரேம் போடும்போது, பிராசசர் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவதும் நான்காவதும்தான் பெரும்பாலும் சரியான இடம். பலர் முதல் இரண்டில் போட்டுவிடுவார்கள். ரேமை அழுத்தும்போது 'க்ளிக்' சத்தம் வரும் வரை அழுத்த வேண்டும். பயந்து பயந்து அழுத்தினால் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நிற்கும். அதற்கும் சரிவரவில்லை என்றால், ஒரே ஒரு ரேமை மட்டும் இரண்டாவது ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள், பிறகு அதை எடுத்துவிட்டு மற்றதை.

சிபியு விளக்கு எரிந்தால் இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, போர்டின் மேல் மூலையில் இருக்கும் 8 பின் மின் இணைப்பைக் கொடுக்க மறந்திருப்பீர்கள். 24 பின் பெரிய கேபிள் மட்டும் கொடுத்தாலே ஃபேன் சுழலும், அதனால் எல்லாம் சரி என்று தோன்றும். ஆனால் பிராசசருக்கு மின்சாரம் அந்த 8 பின்னில்தான் போகிறது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் நுணுக்கமானது: பிராசசர் சாக்கெட்டில் கச்சிதமாக உட்கார்ந்திருக்கும், ஆனால் போர்டின் பயாஸுக்கு (கம்ப்யூட்டரை முதலில் எழுப்பும், போர்டிலேயே பதிந்த மென்பொருள்) அந்தப் பிராசசரைத் தெரியாது. பி650 போர்டுகள் 2022 அக்டோபரில் வந்தன. ரைசன் 9000 வரிசை 2024 ஆகஸ்டில் வந்தது. நடுவில் கடை அலமாரியில் தூங்கிக்கொண்டிருந்த ஒரு போர்டை நீங்கள் வாங்கியிருந்தால், அதன் பழைய பயாஸுக்கு 9000 வரிசை என்றால் என்னவென்றே தெரியாது. பி450 போர்டில் ரைசன் 5600 போடுபவர்களுக்கும், எச்610, பி660 போர்டில் 13 அல்லது 14ஆம் தலைமுறை இன்டெல் போடுபவர்களுக்கும் இதே கதைதான். இந்தப் போர்டுகள் அந்தப் பிராசசர்களை ஏற்கும், பயாஸைப் புதுப்பித்த பிறகு.

பிராசசர் வேலை செய்யாமல் பயாஸை எப்படிப் புதுப்பிப்பது? பின்பக்கத்தில் 'ஃப்ளாஷ்பேக்' பட்டன் உள்ள போர்டு என்றால் கவலையே இல்லை. வேறொரு கம்ப்யூட்டரில் உங்கள் போர்டுக்கான பயாஸ் கோப்பை இறக்கி, ஃபேட்32 முறையில் ஃபார்மட் செய்த பென் டிரைவில் போடுங்கள். கோப்புக்கு என்ன பெயர் வைக்க வேண்டும், எந்த யூஎஸ்பி துளையில் செருக வேண்டும் என்பதைப் போர்டோடு வந்த கையேட்டில் பார்த்து அப்படியே செய்யுங்கள். 24 பின், 8 பின் இரண்டையும் கொடுத்து அந்தப் பட்டனை அழுத்தினால், பிராசசர் இல்லாமலேயே பயாஸ் மாறிவிடும். விளக்கு மினுக்கி முடியும் வரை மின்சாரம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பட்டன் இல்லாத போர்டு என்றால் வாங்கிய கடையில் கொடுத்துப் புதுப்பித்து வாங்குவதுதான் வழி. பணம் கொடுப்பதற்கு முன்பே "இந்தப் பிராசசருக்கு பயாஸ் அப்டேட் ஆயிருக்கா?" என்று கேட்டுவிடுவது அதை விட நல்லது.

செகண்ட் ஹேண்டில் வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. இன்டெல்லின் 6, 7ஆம் தலைமுறையும் 8, 9ஆம் தலைமுறையும் எல்ஜிஏ1151 என்ற ஒரே பெயருள்ள சாக்கெட்டில்தான் உட்காரும். ஆனால் எச்110 போர்டில் ஐ5 8400 வேலை செய்யாது. அதற்கு 300 வரிசை போர்டு வேண்டும். இங்கே போர்டு நிறுவனம் தரும் எந்தப் பயாஸ் புதுப்பிப்பும் உதவாது.

பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை, அல்லது ஒரு நொடி ஓடி நின்றுவிடுகிறது

அசைவே இல்லை என்றால் எஸ்எம்பிஎஸ் பின்னால் உள்ள ஸ்விட்ச், 24 பின் கேபிள், கேபினட் பட்டனின் சின்ன ஒயர் என்ற வரிசையில் பாருங்கள். பட்டன் ஒயர் மேல் சந்தேகம் இருந்தால், மதர்போர்டில் பவர் ஸ்விட்சுக்கான இரண்டு பின்களையும் ஸ்க்ரூ டிரைவர் நுனியால் ஒரு நொடி தொட்டு எடுங்கள். ஆன் ஆனால் ஒயர்தான் தப்பு.

ஓடி நின்றால் எங்கோ ஷார்ட் ஆகியிருக்கலாம். கேபினட்டில் போர்டைத் தாங்கும் பித்தளைத் தண்டுகளில் ஒன்று, போர்டில் துளை இல்லாத இடத்தில் நிற்கிறதா பாருங்கள். பெரிய ஏடிஎக்ஸ் போர்டுக்கான தண்டுகள் முன்பே பொருத்தப்பட்ட கேபினட்டில் 244க்கு 244 மி.மீ. மைக்ரோ ஏடிஎக்ஸ் போர்டைப் போடும்போது இப்படி ஆகும். போர்டை வெளியே எடுத்து, அது வந்த அட்டைப் பெட்டி மேல் வைத்து, பிராசசர், கூலர், ஒரு ரேம் மட்டும் போட்டு ஓட்டிப் பாருங்கள். வெளியே ஓடினால் கேபினட்டில்தான் பிழை.

பாகம் உட்காரவே மாட்டேன் என்கிறது

பலம் போட்டு அழுத்தாதீர்கள். டிடிஆர்4, டிடிஆர்5 இரண்டுக்கும் 288 பின்தான், பார்த்தால் ஒன்று போலவே இருக்கும். நடுவில் உள்ள வெட்டு மட்டும் இடம் மாறியிருக்கும். ரைசனின் பழைய சாக்கெட்டான ஏஎம்4 போர்டுக்கு டிடிஆர்4, ஏஎம்5க்கும் இன்டெல்லின் எல்ஜிஏ1851க்கும் டிடிஆர்5 என்று நினைவு வைத்துக்கொள்ளலாம். குழப்பம் தருவது எல்ஜிஏ1700. அதில் இரண்டு வகைப் போர்டும் உண்டு, பெரும்பாலும் ஒரே மாடல் பெயரின் கடைசியில் மட்டும் 'டி4' அல்லது 'டிடிஆர்4' என்று ஒட்டியிருக்கும்.

பழைய கூலரைப் புதுக் கம்ப்யூட்டருக்கு எடுத்துக்கொள்பவர்கள் கவனியுங்கள். எல்ஜிஏ1200 வரை கூலர் துளைகளுக்கு நடுவே 75 மி.மீ., எல்ஜிஏ1700இல் 78 மி.மீ. மூன்று மில்லிமீட்டர்தான், ஆனால் பழைய பிராக்கெட் பொருந்தாது. ஏஎம்4 கூலர்கள் பல ஏஎம்5க்கும் பொருந்தும். போர்டின் பின்னால் தன் சொந்தத் தகடு கேட்கும் கூலர்கள் மட்டும் பொருந்தாது, ஏனென்றால் ஏஎம்5 சாக்கெட்டின் பின் தகட்டைக் கழற்ற முடியாது.

கார்டு நீளத்துக்குக் கேபினட் விளம்பரத்தில் போட்டிருக்கும் அளவு, முன்பக்கம் காலியாக இருக்கும்போது எடுத்தது. அங்கே தண்ணீர் கூலரின் ரேடியேட்டரை மாட்டினால், ரேடியேட்டர் 27, ஃபேன் 25 என்று ஏறக்குறைய 52 மி.மீ. போய்விடும். 320 மி.மீ. கார்டு 350 மி.மீ. கேபினட்டில் இடிப்பது இப்படித்தான்.

கேம் தொடங்கியதும் படாரென்று அணைந்துவிடுகிறது

டெஸ்க்டாப்பில் மணிக்கணக்கில் ஓடுகிறது, கேம் திறந்ததும் அணைகிறது என்றால் கார்டுக்கும் எஸ்எம்பிஎஸ்ஸுக்கும் நடுவில் பாருங்கள். கார்டு கேட்பது சராசரியாக 200 வாட் என்றாலும், கண் சிமிட்டுவதை விடக் குறைந்த நேரத்துக்கு அதைப் போல இரண்டு மூன்று மடங்கு வரை எகிறலாம். 2022இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம், எஸ்எம்பிஎஸ் தன் அளவைப் போல இரண்டு மடங்கை 100 மைக்ரோ நொடி தாங்க வேண்டும் என்று விதித்தது இதற்காகத்தான். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 550 வாட், 4070க்கு 650 வாட், 3080க்கு 750 வாட் என்று என்விடியா சொல்வதில் இந்த எகிறலுக்கான இடமும் சேர்ந்திருக்கிறது. அதைக் குறைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

பெட்டியில் எழுதியிருக்கும் வாட்டை மட்டும் நம்பவும் கூடாது. எஸ்எம்பிஎஸ் பக்கவாட்டு ஸ்டிக்கரில் 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பார்த்து, 12ஆல் பெருக்குங்கள். 450 வாட் என்று பெரிதாக எழுதி, 12 வோல்ட்டில் 20 ஆம்பியர் என்று இருந்தால், பிராசசருக்கும் கார்டுக்கும் உண்மையில் கிடைப்பது 240 வாட். கேமிங் கம்ப்யூட்டரில் மின்சாரம் பெரும்பாலும் அந்த 12 வோல்ட்டில்தான் ஓடுகிறது. இந்த ஒரு பாகத்தில் மட்டும் பணத்தை மிச்சம் பிடிக்காதீர்கள் என்று கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். இது கெட்டால் தனியாகப் போகாது, மற்றவற்றையும் இழுத்துக்கொண்டு போகும்.

கேபிள் விஷயத்தில் எனக்கு நேர்ந்ததைச் சொல்ல வேண்டும். ஒரு முறை எஸ்எம்பிஎஸ்ஸை மட்டும் மாற்றினேன். பழையதும் கழற்றி மாட்டும் கேபிள் உள்ளது, புதியதும் அப்படியே. கேபினட்டுக்குள் கேபிளெல்லாம் அழகாகக் கட்டியிருந்ததால், டிஸ்க்குக்கு மின்சாரம் தரும் பழைய சாட்டா கேபிளைப் பிரிக்காமல் புது எஸ்எம்பிஎஸ்ஸில் செருகினேன். கச்சிதமாகப் பொருந்தியது. ஆன் செய்ததும் லேசான கருகல் வாடை. ஹார்ட் டிஸ்க் அதோடு முடிந்தது, அதில் இருந்த ஆறு வருடப் படங்களும். டிஸ்க் பக்கத்து முனை எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் எஸ்எம்பிஎஸ் பக்கத்து முனையில் எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்பது நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும், ஒரே நிறுவனத்திலேயே மாடலுக்கு மாடல் மாறும். எஸ்எம்பிஎஸ் மாற்றினால் கேபிளையும் முழுதாக மாற்றிவிடுங்கள்.

அடுத்து, கார்டுக்குப் போகும் 8 பின் கேபிளும் பிராசசருக்குப் போகும் 8 பின் கேபிளும் வேறு வேறு. பாசிட்டிவும் நெகட்டிவும் அவற்றில் தலைகீழாக இருக்கும். கார்டு கேபிள் ஆறும் இரண்டுமாகப் பிரியும், பிராசசர் கேபிள் நாலும் நாலுமாகப் பிரியும். அதை வைத்து அடையாளம் காணலாம். புதுக் கார்டுகளில் வரும் 16 பின் கேபிளை இடைவெளி தெரியாதபடி முழுதாக உள்ளே தள்ளுங்கள், முனைக்குப் பக்கத்திலேயே வளைக்காதீர்கள். பாதி செருகிய நிலையில் சூடாகி இளகிய கதைகள் ஆர்டிஎக்ஸ் 4090 வந்த 2022இலேயே தொடங்கிவிட்டன.

கரண்ட் போனதும் யூபிஎஸ் இருந்தும் அணைகிறதா? 600 விஏ என்று விற்கும் யூபிஎஸ் பலவும் தாங்குவது 360 வாட் வரைதான். கேம் ஓடும்போது பிராசசர், கார்டு, மானிட்டர் மூன்றும் சேர்ந்து அதைத் தாண்டிவிடும். 1000 விஏவுக்கு மேல் எடுத்து, அதிலும் வாட் எவ்வளவு என்று தனியாகக் கேளுங்கள்.

எஸ்எஸ்டி காணவில்லை

எம்.2 என்பது வெறும் வடிவத்தின் பெயர். அந்த வடிவத்தில் சாட்டா எஸ்எஸ்டியும் உண்டு, அதை விட வேகமான என்விஎம்இ எஸ்எஸ்டியும் உண்டு. சில ஸ்லாட்டுகள் என்விஎம்இயை மட்டுமே ஏற்கும். எஸ்எஸ்டி தெரிகிறது, ஆனால் பழைய ஹார்ட் டிஸ்க் மறைந்துவிட்டது என்றால் அது வேறு விஷயம்: பல போர்டுகளில் இரண்டாவது எம்.2 ஸ்லாட்டைப் பயன்படுத்தினால் ஐந்து, ஆறாம் எண் சாட்டா துளைகள் அணைந்துவிடும். டிஸ்க்கை ஒன்றாம் துளைக்கு மாற்றினால் திரும்பி வந்துவிடும்.

எல்லாம் ஓடுகிறது, ஆனால் வேகம் இல்லை

ரைசன் 7000 வரிசையில் பெரும்பாலானவற்றில் உள்ளேயே சின்ன கிராபிக்ஸ் இருப்பதால், கேபிளை மதர்போர்டில் செருகினாலும் படம் வரும். அதனால்தான் அங்கே இந்தத் தவறு மாதக்கணக்கில் தெரியாமல் போகிறது. கேம் மட்டும் திணறும். முதலில் கேபிளைக் கார்டுக்கு மாற்றுங்கள்.

அப்புறம் ரேம். 6000 வேகம் என்று பணம் கொடுத்து வாங்கிய ரேம், பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டதும் பெரும்பாலும் 4800இல்தான் ஓடும். பயாஸில் எக்ஸ்போ அல்லது எக்ஸ்எம்பி என்பதை ஆன் செய்தால்தான் சொன்ன வேகம் கிடைக்கும். 16 ஜிபி ஒன்றாக வாங்காமல் 8 ஜிபி இரண்டாக வாங்கினால், பிராசசர் இரண்டு பாதையிலும் ரேமோடு பேசும். ஆனால் நான்காகப் போனால் ஏஎம்5இல் பின்னடைவு: ரைசன் 7000க்கு ஏஎம்டி உறுதி தருவது இரண்டு ரேமில் 5200, நான்கு ரேமில் 3600. பிற்பாடு சேர்த்துக்கொள்ளலாம் என்று இப்போது 8 ஜிபி இரண்டு வாங்குவதை விட, முடிந்தால் 16 ஜிபி இரண்டாகவே எடுத்துவிடுங்கள்.

கார்டு எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்பதும் முக்கியம். கீழே உள்ள நீளமான ஸ்லாட் பார்க்க முழு அளவில் இருந்தாலும், உள்ளே தரவு போக நான்கு பாதைகள்தான் இருக்கும், சில போர்டுகளில் ஒன்றே ஒன்று. மேல் ஸ்லாட்டில் போடுங்கள். பழைய போர்டுக்கு விலை குறைந்த கார்டு தேடுபவர்களுக்கு ஒன்று: ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி, பிசிஐஇ (கார்டும் போர்டும் பேசிக்கொள்ளும் இணைப்பு) 4.0இன் நான்கு பாதைகளை மட்டுமே பயன்படுத்தும். பி450 போல பிசிஐஇ 3.0 போர்டில் போட்டால் அந்தப் பாதைகளின் வேகமும் பாதியாகிவிடும். பெரும்பாலும் 4 ஜிபி நினைவகம் மட்டுமே உள்ள கார்டு என்பதால் கேமில் அது நன்றாகவே தெரியும். இன்டெல் ஆர்க் கார்டு என்றால் பயாஸில் 'ரீசைசபிள் பார்' (கார்டின் நினைவகம் முழுவதையும் பிராசசர் ஒரே நேரத்தில் அணுக விடும் வசதி) ஆன் ஆகியிருக்க வேண்டும். அது இல்லாத பழைய போர்டுக்கு அந்தக் கார்டு வேண்டாம்.

144 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கியும் வித்தியாசம் தெரியவில்லை என்றால், விண்டோஸின் டிஸ்ப்ளே அமைப்பில் இன்னும் 60இல் இருக்கும். மாற்றிவிடுங்கள்.

ஒரு சில கேம்கள் மட்டும் தகராறு செய்கின்றன

விண்டோஸ் 11இல் வேலரன்ட் திறக்க மறுத்தால், பயாஸில் செக்யூர் பூட், டிபிஎம் 2.0 என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளும் ஆன் ஆகியிருக்கிறதா பாருங்கள். இன்டெல் 13, 14ஆம் தலைமுறை ஐ7, ஐ9 பிராசசரில், கார்டில் தாராளமாக இடம் இருந்தும் 'வீடியோ மெமரி போதவில்லை' என்று சொல்லி கேம் மூடிக்கொண்டால், கார்டைக் குறை சொல்லாதீர்கள். பிராசசருக்கு அளவுக்கு மேல் வோல்ட் போய் அது தேயும் சிக்கலை இன்டெல்லே ஒப்புக்கொண்டு, 2024 ஆகஸ்டில் இருந்து அதற்கான திருத்தத்தைப் பயாஸ் வழியாக வெளியிட்டது, வாரண்டியையும் இரண்டு வருடம் நீட்டித்தது. பயாஸைப் புதுப்பியுங்கள். ஏற்கெனவே தேய்ந்த பிராசசரை அது சரிசெய்யாது, வாரண்டியில்தான் மாற்ற வேண்டும்.

கேபினட்டைத் தொட்டால் சுரீர் என்கிறது

நம் ஊர் வீடுகளில் இதை அடிக்கடி கேட்கிறேன், பலர் "எஸ்எம்பிஎஸ் லீக்" என்று மாற்றிக்கொண்டே இருப்பார்கள். எஸ்எம்பிஎஸ் உள்ளே இரைச்சலை வடிகட்ட, மின் கம்பிகளிலிருந்து கேபினட் உடலுக்குச் சின்ன கெபாசிட்டர்கள் போகின்றன. அவை கடத்தும் மிகச் சிறிய மின்சாரம் எர்த் ஒயர் வழியாகப் போய்விட வேண்டும். எர்த் இல்லையென்றால் கேபினட் உடல் 230 வோல்ட்டில் பாதி அளவில் மிதக்கும், கை பட்டால் சுரீர் என்று இழுக்கும். எஸ்எம்பிஎஸ் மாற்றினாலும் இது போகாது. இங்கே ஒத்துப்போகாத இரண்டும் கம்ப்யூட்டரும் சுவர் ப்ளக்கும். மூன்று பின் ப்ளக்கை இரண்டு பின் எக்ஸ்டென்ஷனில் செருகியிருந்தால் அதை முதலில் தூக்கிப் போடுங்கள். ப்ளக் பாயிண்டில் எர்த் துளை இருந்தும் சுரீர் என்றால், பின்னால் எர்த் ஒயர் இணைக்கவே இல்லாமல் விட்டிருக்கலாம். எலக்ட்ரீஷியனை வரவழைத்து ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் மீட்டரில் பார்க்கச் சொல்லுங்கள். 230க்கு அருகில் காட்ட வேண்டும். அது சரியாகும் வரை அந்தக் கம்ப்யூட்டரில் வெறுங்காலோடு உட்கார வேண்டாம்.